ஒருநாள் வகுப்பா, ஓராண்டு வழிகாட்டலா? உண்ணுதல் கோளாறுப் பயிற்சியில் எதற்குச் செலவழிப்பது

மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்பவர்களிடமிருந்தும் மனநலத் துறைத் தலைவர்களிடமிருந்தும் ஒரே கேள்வி பல உருவில் வருகிறது: "ஈட்டிங் டிஸார்டர் கேஸ் வருது, எங்க ஆளுங்களுக்குப் பிடிபடல. இந்த வருஷம் ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் பணமும் நேரமும் இருக்கு. எதைச் செய்யறது?"

கேட்பவர் முன்னால் பெரும்பாலும் ஐந்து வழிகள் இருக்கும். வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்துச் சனிக்கிழமை வகுப்பு நடத்தலாம். இணையப் பாடம் ஒன்றில் எல்லோரையும் சேர்க்கலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை காணொளியில் நோயாளிகளைப் பற்றி ஆலோசிக்கும் குழுவில் இணையலாம். ஒன்றிரண்டு உளவியலாளர்களுக்கு முறையான சிகிச்சைப் பயிற்சியை மேற்பார்வையோடு தரலாம். அல்லது ஒருவரைப் பெரிய மையத்துக்குச் சில வாரம் அனுப்பி வைக்கலாம்.

கேள்வி வருவதில் வியப்பில்லை. அனோரெக்ஸியா (பட்டினி கிடந்து எடை குறைத்தல்), புலிமியா (அள்ளித் தின்றுவிட்டு வாந்தி முதலியவற்றால் வெளியேற்றுதல்), பிஞ்ச் ஈட்டிங் (வெளியேற்றாமல் அள்ளித் தின்னல்) ஆகியவற்றுக்குப் பல ஆண்டுகளாகச் சிகிச்சைப் பிரிவுகள் இயங்கும் பிரிட்டனிலேயே, மருத்துவக் கல்லூரிகளில் இதற்கு ஒதுக்கப்படும் நேரம் சராசரியாக 2 மணிக்கும் குறைவு என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. 19 வயதான ஏவ்ரில் ஹார்ட் என்ற மாணவி 2012-இல் அனோரெக்ஸியாவால் இறந்ததை விசாரித்த நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் 2017-இல் அறிக்கை தந்தார். இளம் மருத்துவர்களின் பயிற்சியை மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நம் ஊர் எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநலத்துக்கென்று தனித் தேர்வே இல்லை. சிறப்பு மருத்துவர் இல்லாத இடங்களுக்காக உலக சுகாதார நிறுவனம் எழுதிய எம்.எச்.கேப் கையேட்டின் 2016 பதிப்பில் மனச்சோர்வு, வலிப்பு, மறதிநோய், போதை எல்லாம் உண்டு, உண்ணுதல் கோளாறுக்கு அத்தியாயம் கிடையாது. அதை மட்டும் வைத்துப் பயிற்சி பெற்றவர் இந்த நோயைப் பற்றித் தனியாகப் படித்திருக்க மாட்டார்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் கேஸ் ஷீட். பயிற்சி முடிந்த மறுவாரம் கேஸ் ஷீட்டில் என்ன மாறியிருக்கும்? சான்றிதழையும் "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்ற படிவத்தையும் ஒதுக்கிவிட்டு இதை மட்டும் கேளுங்கள்.

கேஷுவாலிட்டியில் 17 வயதுப் பெண். கல்லூரியில் மயங்கி விழுந்தாள் என்று தூக்கி வருகிறார்கள். பி.பி. 90/60, சர்க்கரை கொஞ்சம் கம்மி. "ஒரு டி.என்.எஸ். போடு, அதுல எம்.வி.ஐ. கலந்து விடு" என்று குளுக்கோஸும் உப்பும் வைட்டமினும் கலந்து மஞ்சள் நிறத்தில் ஒரு பாட்டில் ஏறும். மாலையில் "வீக்னஸ்தான், நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாரக்கணக்காகப் பட்டினி கிடந்த உடலில் குளுக்கோஸ் திடீரென ஏறினால் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்லுக்குள் போய்விடும். மிச்சமிருக்கும் தயமினும் (வைட்டமின் பி1) தீர்ந்துபோகும். அடுத்த சில நாள்களில் இதயத் துடிப்பு தடுமாறலாம், மூளை பாதிக்கலாம். சாப்பாடு திரும்பும்போது வரும் இந்த ஆபத்துக்கு ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று பெயர்.

பயிற்சி பெற்ற ஹவுஸ் சர்ஜன் அதே பெண்ணிடம் என்ன செய்திருப்பார்? படுத்த நிலையில் துடிப்பும் பி.பி.யும் எடுத்து, நிற்க வைத்து 3 நிமிடத்துக்குள் மறுபடி எடுத்திருப்பார். மேல் அளவு 20-க்கு மேல் இறங்குகிறதா, துடிப்பு 30-க்கு மேல் ஏறுகிறதா என்று பார்த்திருப்பார். கையூன்றாமல் படுக்கையிலிருந்து எழச் சொல்லி, பிறகு குத்தவைத்து எழச் சொல்லி, தசை வலுவுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டிருப்பார். ஈ.சி.ஜி. எடுத்து, துடிப்பு தடுமாறும் ஆபத்தைக் காட்டும் கியூ.டி.சி. இடைவெளியைக் கணக்கிட்டிருப்பார். குளுக்கோஸுக்கு முன் தயமின் எழுதியிருப்பார். சீரம் எலக்ட்ரோலைட்ஸோடு பாஸ்பரஸைத் தனியாக எழுதியிருப்பார். நம் ஆய்வகங்களில் எலக்ட்ரோலைட்ஸ் என்று எழுதினால் சோடியம், பொட்டாசியம், குளோரைடுதான் வரும், எழுதிக் கேட்காமல் பாஸ்பரஸ் வராது. கடைசியாக, அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, "மூணு மாசத்துல துணியெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சா?" என்று கேட்டிருப்பார்.

இவை மாறினால் பயிற்சி பலித்தது.

இரண்டாவது, ஆள்-மணி. கட்டணத்தைவிடப் பெரிய செலவு ஓ.பி.யிலிருந்து ஆட்களை இழுப்பது. 40 பேருக்கு 6 மணி நேர வகுப்பு என்றால் 240 மணி நேரம். நிபுணருக்குத் தரும் தொகை இதன் பக்கத்தில் சிறியது.

மூன்றாவது, பின்துணை. முதல் நோயாளியிடம் திணறும்போது யாரைக் கேட்பது?

நான்காவது, அடுத்த கதவு. அடையாளம் கண்ட நோயாளியை எங்கே அனுப்புவது என்பது முடிவாகாமல் கண்டுபிடிக்கப் பயிற்சி தருவது வீண். ஒருமுறை கண்டுபிடித்து அனுப்ப இடமில்லாமல் திண்டாடிய மருத்துவர், அடுத்த முறை கேட்கவே மாட்டார்.

ஐந்தாவது, மொழி. ஸ்காஃப் என்ற ஐந்து கேள்விச் சோதனை 1999-இல் லண்டனில் உருவானது. இரண்டுக்கு "ஆம்" வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். முதல் கேள்வியில் இருக்கும் ஆங்கிலச் சொல்லை அகராதியைப் பார்த்துப் பெயர்த்தால் "உங்களை நீங்களே நோய்வாய்ப்படுத்திக்கொள்வீர்களா?" என்று விபரீதமாக வரும். உண்மையில் கேட்பது, "வயிறு நெறஞ்சு போச்சுன்னு நீங்களா வாந்தி எடுப்பீங்களா?" என்றுதான். மூன்றாவது கேள்வி மூன்று மாதத்தில் ஒரு ஸ்டோன் குறைந்ததா என்பது. ஸ்டோன் என்பது 6.35 கிலோ. 42 கிலோ பெண்ணுக்கும் 85 கிலோ ஆணுக்கும் அது ஒன்றாகாது.

விரதம் இன்னொரு சிக்கல். வட இந்தியப் பள்ளி மாணவியரிடம் மேலைநாட்டு வினாப்பட்டியல் ஒன்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1989-இல் வெளியானது. நோன்புப் பழக்கத்தால் சில கேள்விகளுக்கு "ஆம்" விழுந்து, நோயில்லாதவர்களும் கணக்கில் சேர்ந்தார்கள். இதற்கு நேர்மாறும் உண்டு. குண்டாகிவிடுவோம் என்ற பயத்தையே சொல்லாத அனோரெக்ஸியாவை ஹாங்காங்கில் சிங் லீ விரிவாகப் பதிவுசெய்தார். நம்மூரிலும் "சாப்பிட்டா நெஞ்சுல நிக்குது", "வயிறு உப்புது", "வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றுதான் முதலில் சொல்வார்கள். எண்டோஸ்கோபி முடிந்து, அதில் ஒன்றுமில்லை என்றான பிறகே மனநலத் துறைக்கு வருவார்கள். பாடம் வெளிநாட்டிலிருந்து வந்தால் இந்த இடைவெளியை யார் நிரப்புவது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது, ஆள் மாற்றம். ஹவுஸ் சர்ஜன்கள் ஓராண்டில் போய்விடுவார்கள். செவிலியர் வார்டு மாறுவார்.

## வழி 1: ஒருநாள் வகுப்பு

அடையாளம் காணக் கற்றுத்தர இது போதும், சிகிச்சை கற்றுத்தரப் போதாது. இந்த வேறுபாட்டை மறந்து "அனோரெக்ஸியா: வரலாறும் வகைகளும்" என்று தொடங்கி, மூளை வேதியியலில் மதியம் வரை சுற்றி, கடைசி அரை மணியில் சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை) சொல்லி முடிக்கும் வகுப்புகளே அதிகம். 200 பேர் அரங்கில், விளக்கை அணைத்து, படவில்லை ஓட்டி நடத்துவதில் பலன் தெரிந்து வைத்துக்கொள்வதோடு நின்றுவிடும். வகுப்பு முடிந்ததும் தன்னம்பிக்கை ஏறும், கேஸ் ஷீட்டில் ஒன்றும் மாறாது.

நடத்துவதானால் நேரத்தில் பாதி கைவேலையாக இருக்கட்டும். இருவர் இருவராகப் படுத்தும் நின்றும் பி.பி. எடுக்கட்டும், குத்தவைத்து எழும் சோதனையைச் செய்து பார்க்கட்டும். வளரிளம் பருவத்தினருக்கு வெறும் பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) ஏன் ஏமாற்றும் என்பதைக் கணக்காகவே போடட்டும். 15 வயதுப் பெண், உயரம் 155 செ.மீ., எடை 36 கிலோ, ஆக பி.எம்.ஐ. 15. அந்த வயதுப் பெண்ணின் நடுமதிப்பு உலக சுகாதார நிறுவன வரைபடத்தில் 20.2. 15-ஐ 20.2-ஆல் வகுத்தால் 74 விழுக்காடு. பிரிட்டன் மனநல மருத்துவர் கல்லூரி 2022-இல் வெளியிட்ட 'மீட்' வழிகாட்டியில் 18 வயதுக்குக் கீழ் 70 முதல் 80 வரை மஞ்சள் (எச்சரிக்கை), 70-க்குக் கீழ் சிவப்பு (உயிராபத்து). இதே வகுப்பில் இன்னொரு கணக்கும் வேண்டும்: நான்கு மாதத்தில் 68 கிலோவிலிருந்து 50 கிலோவுக்கு வந்த அதே உயரப் பெண். பி.எம்.ஐ. 21-ஐ ஒட்டி நிற்கும், வரைபடத்தில் பச்சை. துடிப்பு 44 ஆக இருக்கலாம். "நல்லா இளைச்சிருக்கே!" என்று பாராட்டி அனுப்பப்படும் நோயாளி இவள்தான்.

ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தாலும் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது என்பதை இரண்டு மூன்று முறையாவது சொல்ல வேண்டும். ஆள் நன்றாகத் தெரிவதையும் நம்ப முடியாது: பொட்டாசியம் 2.5-க்குக் கீழே போகும்வரை நடந்து வருபவர்கள் உண்டு.

எல்லோரையும் ஒரே அரங்கில் உட்கார வைக்காமல், துறைவாரியாக 90 நிமிடம் வீதம் நான்கு முறை நடத்துவது எங்கள் கணிப்பில் மேல். ஒவ்வொரு துறையும் பார்ப்பது வேறு. பல் மருத்துவர் பார்ப்பது மேல் முன்பற்களின் உட்புறத்தில் கரைந்துபோன எனாமல். நீரிழிவு மருத்துவர் பார்ப்பது எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) காரணமில்லாமல் ஏறி, கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் குறைவால் ரத்தம் அமிலமாவது) திரும்பத் திரும்ப வரும் டைப் 1 இளம்பெண்ணை, அவர் கேட்க வேண்டியது "எடை குறையணும்னு ஊசியை விட்டுடறியாம்மா?" என்று. மகப்பேறு மருத்துவரிடம் மாதவிலக்கு நின்றவரும் வருவார், பி.சி.ஓ.எஸ். என்று பெயர் வாங்கியவரும் வருவார். இரண்டாமவரிடம் "பத்து கிலோ குறைச்சிட்டு வா" என்று சொல்லும் முன் அவர் எப்படிக் குறைக்கிறார் என்று கேட்கப் பழக வேண்டும். இந்தத் துறைகளில் மிக அவசரமாகப் பயிற்சி தேவைப்படுபவர் டயட்டீஷியன். எடைக் குறைப்புக்கான அட்டவணை தருவதுதான் அவர் அன்றாடம் செய்வது. புலிமியா நோயாளிக்கு 1,200 கலோரி அட்டவணை கொடுத்தால் பட்டினி, அள்ளித் தின்னல், வாந்தி என்ற சுழல் இன்னும் இறுகும்.

மறைசெலவு ஆள் மாற்றம். ஆண்டுக்கு ஒருமுறை வகுப்பு வைத்தால், பன்னிரண்டாம் மாதத்தில் கேஷுவாலிட்டியில் நிற்பவர்களில் அதில் உட்கார்ந்தவர் எவரும் இருக்க மாட்டார். ஹவுஸ் சர்ஜன் ஒவ்வொரு அணி சேரும்போதும் ஒரு மணி நேரம் என்று வைத்தால்தான் நிற்கும். எடுத்துச் சொல்லும் உள்ளூர் ஆள் ஒருவரை முதல் வகுப்பிலேயே தயார்செய்துகொள்ளுங்கள்.

## வழி 2: இணையப் பாடம்

சிட்னியின் இன்சைட்அவுட் நிறுவனம் மருத்துவர், செவிலியர், டயட்டீஷியன், உளவியலாளர் என்று பலருக்கும் பொதுவான அடிப்படைப் பாடம் ஒன்றை இணையத்தில் நடத்துகிறது. கிறிஸ்டோபர் ஃபேர்பர்னின் ஆக்ஸ்ஃபோர்டு குழு, உண்ணுதல் கோளாறுக்கான சி.பி.டி. வடிவமான சி.பி.டி-ஈ சிகிச்சைக்கு இணையப் பயிற்சி உருவாக்கியது. அதை அயர்லாந்தில் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். கூடவே ஒருவர் தொலைபேசியில் ஊக்கப்படுத்திய குழுவுக்கும் தனியாகவே படித்த குழுவுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. "அப்போ மேற்பார்வையே வேண்டாம்" என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அங்கே அளந்தது அந்தச் சிகிச்சையை எப்படிச் செய்வது என்ற அறிவை. நோயாளி முன் உட்கார்ந்து செய்கிறார்களா என்பது வேறு அளவு.

விலையும் ஆள்-மணியும் குறைவு, புதிதாகச் சேர்பவரும் எந்த மாதத்திலும் படிக்கலாம், ஆக ஆள் மாற்றப் பிரச்சினைக்கு இதுதான் நல்ல மருந்து. எங்கே தோற்கும் என்றால், "ட்யூட்டி முடிச்சு வீட்ல பாத்துக்குங்க" என்று சொல்லும் இடத்தில். வேலை நேரத்தில் வாரம் 1 மணி எழுத்தில் ஒதுக்காவிட்டால் மூன்றாம் பாடத்தோடு நின்றுவிடும். அல்லது ஒருவர் முடித்த விடைகள் வாட்ஸ்ஆப்பில் சுற்றும். நடிகர்கள் நடிக்கும் மாதிரி உரையாடல் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். ஓட்ஸும் சீஸும் இருக்கும், இட்லியும் தயிர்சாதமும் இருக்காது. தமிழில் பேசிப் பார்க்க மாதம் ஒரு அமர்வாவது சேர்த்துக்கொள்ள வேண்டும். வார்டு செவிலியருக்கு ஆங்கிலக் காணொளியை மட்டும் தள்ளிவிடுவது கணக்குக் காட்டத்தான் உதவும்.

## வழி 3: காணொளியில் கேஸ் ஆலோசனை

இதை எக்கோ முறை என்பார்கள். இதய ஸ்கேன் என்று நினைத்துக் கார்டியாலஜியிடம் சுற்றறிக்கை போன கதையெல்லாம் உண்டு, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் அரோரா 2003-இல் ஹெபடைடிஸ் சி நோய்க்காகத் தொடங்கினார். மையத்தில் நிபுணர் குழு, விளிம்பில் சிற்றூர் மருத்துவர்கள். ஓர் அமர்வு 60 முதல் 90 நிமிடம்: கால் மணி பாடம், மீதி நேரம் பங்கேற்பவர்கள் கொண்டுவரும் இரண்டு நோயாளிகளைப் பற்றிய பேச்சு. பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் இதே அச்சில் போதைச் சிகிச்சைக்கும் பொது மனநலத்துக்கும் வலையமைப்பு நடத்தியிருக்கிறது.

பின்துணை என்ற மூன்றாவது அளவுகோலில் இதை மிஞ்ச ஒன்றில்லை. "தாத்தா பாட்டி ஊட்டிவிடறாங்க, அப்பா துபாய்ல, அம்மா சொன்னா கேக்கறதில்ல, எடை இறங்கிட்டே போகுது" என்று சிக்கிக்கொண்ட இடத்திலிருந்தே கேட்கலாம்.

சிக்கல் எண்ணிக்கையில். ஒரே மருத்துவமனையிலிருந்து ஆறு பேர் சேர்ந்தால் மூன்றாவது மாதத்தில் சொல்வதற்கு நோயாளி இருக்காது, பேச்சு பாடமாகிப்போகும். குறைந்தது ஆறேழு மருத்துவமனைகள் சேர்ந்தால் ஒவ்வொன்றும் இரண்டு மாதத்துக்கு ஒருவரைக் கொண்டுவந்தால் போதும். அடையாளம் காணும் பயிற்சி முடியாத இடத்தில் இதைத் தொடங்கினால் கேஸே வராது, ஆக இது முதல் செலவாக இருக்க முடியாது. பெயர், ஊர், கல்லூரி, படம் எல்லாம் நீக்கி ஒரு பக்கப் படிவத்தில் எழுதிவர வேண்டும். சின்ன ஊரில் "வங்கி மேலாளரின் இரண்டாவது மகள்" என்றாலே ஆள் தெரிந்துவிடும்.

பங்கேற்பவரின் நேரம் பதினைந்து நாளுக்கு ஒன்றரை மணி, ஆண்டுக்குச் சுமார் 36 மணி. வாரநாள் மதியம் 2 மணிக்கு வைத்தால் வருவார்கள், மாலை 6 மணிக்கு வைத்தால் தனியார் கிளினிக் இழுத்துக்கொள்ளும்.

## வழி 4: சிகிச்சைப் பயிற்சியும் மேற்பார்வையும்

பணம், நேரம், ஏமாற்றம் மூன்றும் அதிகம் போவது இங்கே. சரியாகச் செய்தால் ஊருக்கே மிஞ்சுவதும் இங்கேதான்.

எந்தச் சிகிச்சை என்பதை நீங்கள் பார்க்கும் நோயாளியின் வயதும் எடையும் முடிவுசெய்யட்டும். பயிற்சி நடத்துபவர் கையில் எது இருக்கிறது என்பதை வைத்து முடிவுசெய்யாதீர்கள்.

*18 வயதுக்குக் கீழ், அனோரெக்ஸியா:* குடும்பம் சார்ந்த சிகிச்சை, எஃப்.பி.டி. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் முளைத்து, லாக், லெ கிராஞ்ச் ஆகியோர் 2001-இல் கையேடாக்கியது. சுமார் 20 அமர்வு, 6 முதல் 12 மாதம். முதல் கட்டத்தில் சாப்பாட்டுப் பொறுப்பு முழுவதையும் பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள், பிறகு படிப்படியாகப் பிள்ளைக்குத் திரும்பும். ஒவ்வொரு அமர்வும் எடை பார்த்து வரைபடத்தில் குறிப்பதில் தொடங்கும். இரண்டாம் அமர்வுக்குக் குடும்பமே சாப்பாடு கட்டிக்கொண்டு வர வேண்டும். சிகிச்சையாளர் முன்னிலையில் சாப்பிடுவார்கள்.

நம் கூட்டுக் குடும்பத்தில் "பெற்றோர்" யார் என்பதே முதல் கேள்வி. சமைப்பது பாட்டி, பரிமாறுவது அம்மா, "விடு, பசிச்சா சாப்பிடுவா" என்று இடையில் புகுவது பெரியப்பா. பரிமாறும் கையையும் தடுக்கும் வாயையும் அமர்வுக்குள் கொண்டுவராவிட்டால் எஃப்.பி.டி. ஓடாது. பத்து நிமிட ஓ.பி. அறையில் ஆறு பேர் டிபன் கேரியரோடு உட்கார முடியாது. அறையும் ஒன்றரை மணியும் வேண்டும்.

*எடை குறையாத புலிமியா, பிஞ்ச் ஈட்டிங்:* சி.பி.டி-ஈ 20 அமர்வு, முதல் நான்கு வாரம் வாரத்துக்கு இரண்டு. கிளென் வாலர் குழுவின் குறுகிய சி.பி.டி. வடிவமான சி.பி.டி-டி 10 அமர்வில் முடிகிறது. மேற்பார்வை இருந்தால் அனுபவம் குறைந்தவரும் நடத்தும்படி அமைத்தது. உளவியலாளர் ஒரே ஒருவர் இருக்கும் மருத்துவமனைக்குப் பத்து அமர்வுதான் நடைமுறை. இன்னும் எளியது வழிகாட்டலோடு கூடிய சுயஉதவி. பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2017 வழிகாட்டி பெரியவர்களின் பிஞ்ச் ஈட்டிங்குக்கு முதலில் இதைத்தான் சொல்கிறது: 16 வாரத்தில் 20 நிமிடம் வீதம் 4 முதல் 9 அமர்வு. மனநலச் சமூகப் பணியாளரோ செவிலியரோ இதைக் கற்று நடத்த முடியும்.

*எடை மிகக் குறைந்த பெரியவர்கள்:* சி.பி.டி. 40 அமர்வு வரை போகும். உடல்நிலையைப் பார்க்கும் மருத்துவர் பக்கத்திலேயே இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

இனி கணக்கு. ஒரு சிகிச்சையாளருக்கு இரண்டு நாள் பட்டறை, 12 மணி. பயிற்சியின்போது மூன்று நோயாளிகள், 20 அமர்வு வீதம், 60 மணி. பதினைந்து நாளுக்கு ஒரு மணி மேற்பார்வை, ஆண்டுக்கு 25 மணி. மொத்தம் 97 மணி. மதிப்பீட்டில் பெரும்பாலான நிறுவனங்கள் முதல் 12-க்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டு மீதியை "அவங்களே பாத்துக்குவாங்க" என்று விட்டுவிடும். கெடுவது அங்கேதான். வாலர் 2009-இல் இதைச் சிகிச்சையாளரின் விலகல் என்று விவரித்தார்: முறை தெரிந்தவரே கடினமான பகுதிகளை மெல்ல மெல்லக் கைவிடுகிறார். முதலில் விடுவது எடை பார்ப்பதை, "அவ அழறா, பாவம்" என்று. அடுத்து சாப்பாட்டுப் பதிவேட்டை. மூன்று மாதத்தில் அமர்வு ஆறுதலான அரட்டையாகிவிடும், இரு தரப்புக்கும் பிடித்திருக்கும், நோய் அப்படியே இருக்கும். பதிவுசெய்த ஒலியையும் எடை வரைபடத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்கும் மேற்பார்வையாளர் இல்லாவிட்டால் இது யாருக்கும் தெரியாது. "கேஸ் எப்படிப் போகுது?" என்று விசாரிப்பது மேற்பார்வை ஆகாது.

மருந்து எழுதுபவருக்கும் ஒரு மணி தேவை. புலிமியாவுக்கு ஃப்ளூவாக்ஸெட்டின் 60 மி.கி. வரை போக வேண்டியிருக்கும், மனச்சோர்வுக்கு எழுதும் 20-இல் நிறுத்திவிட்டுப் பலனில்லை என்று சொல்லக் கூடாது. புப்ரோபியான் வலிப்பைத் தூண்டும் என்பதால் அனோரெக்ஸியா, புலிமியா இரண்டிலும் கூடாது.

## வழி 5: ஒருவரைப் பெரிய மையத்துக்கு அனுப்புவது

மேலே சொன்னவற்றில் எதையும் இது ஈடுசெய்யாது. வார்டில் மட்டும் கற்க முடிந்தவை சில உண்டு. சாப்பாட்டு நேரத்தில் செவிலியர் பக்கத்தில் உட்காருவது எப்படி, கைக்குட்டைக்குள் போகும் உணவை எப்படிக் கவனிப்பது, சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் கழிப்பறைக்குத் தனியே விடாமல் இருப்பதை எப்படிச் சண்டையில்லாமல் செய்வது, எடை பார்ப்பதற்கு முன் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்து வருவதை எப்படிப் பிடிப்பது. உள்நோயாளியாக இவர்களைச் சேர்க்கும் மருத்துவமனை என்றால் அனுப்புங்கள், மருத்துவரோடு ஒரு செவிலியரையும் சேர்த்து. தனியாக ஒருவரை அனுப்பினால், வந்த ஆறாம் மாதம் அவர் வேறு வேலைக்குப் போவதோடு முதலீடும் போகும்.

## ஒரே பார்வையில்

| வழி | ஒருவருக்கு ஆகும் நேரம் | கேஸ் ஷீட்டில் மாறுவது | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| ஒருநாள் வகுப்பு | 6 மணி, அல்லது துறைவாரியாக 1½ மணி | நின்ற நிலை பி.பி., தயமின், பாஸ்பரஸ் | ஒவ்வொரு அணிக்கும் திரும்ப நடத்துவது |
| இணையப் பாடம் | வாரம் 1 மணி | தனியாக என்றால் சொற்பம் | வேலை நேரம், தமிழ்ப் பயிற்சி அமர்வு |
| காணொளி ஆலோசனை | ஆண்டுக்கு 36 மணி | பின்தொடர் குறிப்புகள், சரியான இடத்துக்கு அனுப்புதல் | கேஸ் எழுதும் உழைப்பு |
| சிகிச்சைப் பயிற்சி | ஆண்டுக்கு 97 மணி | எடை வரைபடம், அமர்வுக் குறிப்பு | மேற்பார்வை, அறை |
| மையத்துக்கு அனுப்புதல் | சில வாரம் | வார்டுச் சாப்பாட்டு மேற்பார்வை | ஆள் போய்விடுவது |

## எந்த இடத்துக்கு எது

மனநல மருத்துவர் இல்லாத தாலுகா மருத்துவமனை, நர்சிங் ஹோம்: துறைவாரி வகுப்பு. அதோடு, அனுப்ப வேண்டிய மருத்துவக் கல்லூரியின் எண்ணும் எப்போது அனுப்புவது என்ற அளவுகளும் எழுதிய ஓர் அட்டை கேஷுவாலிட்டி சுவரில். அனோரெக்ஸியாச் சிகிச்சையைத் தொடங்கும் ஆசை வேண்டாம்.

மருத்துவக் கல்லூரி: ஹவுஸ் சர்ஜன் அணிக்கு ஒரு மணி வகுப்பு கட்டாயம். மனநலத் துறையில் இருவருக்கு எஃப்.பி.டி. பயிற்சி. ஒருவர் மட்டும் என்றால் அவர் விடுப்பில் போகும் மாதம் குடும்பம் காணாமல் போகும். குழந்தைகள் நலத் துறையின் வார்டில் யார் எந்த நாளில் பாஸ்பரஸ் பார்ப்பது என்பதை எழுதி ஒட்டுங்கள். முதல் வாரம்தான் ஆபத்தான காலம்.

தனியாக நடத்தும் உளவியலாளர்: சி.பி.டி-டி, மாதம் இருமுறை பணம் கொடுத்து மேற்பார்வை. ரத்தப் பரிசோதனை எழுதித் தரும் ஒரு பொது மருத்துவருடன் முன்கூட்டியே பேச்சு. அந்த மருத்துவர் கிடைக்கும்வரை வாந்தி எடுப்பவரையும் எடை குறைந்தவரையும் ஏற்க வேண்டாம்.

ஏழெட்டு மருத்துவமனைகள் கொண்ட குழுமம்: காணொளி ஆலோசனைக்கு ஆள் எண்ணிக்கை இங்கேதான் கூடிவரும். மையத்தை வெளியில் தேடாமல், இருவரைச் சிகிச்சையில் பயிற்றுவித்து இரண்டாம் ஆண்டில் அவர்களையே மையமாக்கலாம்.

பணம் ஒதுக்கும்போது ஆஸ்திரேலியாவைக் கவனிக்கலாம். அங்கே 2019 நவம்பர் முதல் தகுதியுள்ள நோயாளிக்கு ஆண்டுக்கு 40 உளவியல் அமர்வும் 20 டயட்டீஷியன் அமர்வும் அரசுக் காப்பீட்டில் வந்தன. சிகிச்சையாளர்களுக்குத் தகுதிச் சான்று தரும் ஏற்பாடு அதன் பிறகு வந்தது. இங்கே நோயாளியே கைக்காசு போட்டு 20 அமர்வுக்கு வருவாரா என்று பார்க்காமல் மூன்று சிகிச்சையாளர்களைப் பயிற்றுவித்தால், ஆறாவது அமர்வோடு வருகை நின்றுபோகும் கேஸ்களில்தான் அவர்கள் பழகுவார்கள்.

எதைத் தேர்ந்தாலும், தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் 12 முதல் 25 வயதுக்குள் மயக்கம், தொடர் வாந்தி, எடைக் குறைவு என்று வந்தவர்களின் 30 கேஸ் ஷீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உயரம் எழுதியிருக்கிறதா, நின்ற நிலை பி.பி. இருக்கிறதா, பாஸ்பரஸ் கேட்டிருக்கிறதா, குளுக்கோஸுக்கு முன் தயமின் போனதா என்று நான்கு கட்டம் போட்டு எண்ணுங்கள். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் ஊழியர் ஒருவர் அரை நாளில் முடித்துத் தருவார். பயிற்சி முடிந்து நான்காம் மாதம் இன்னொரு 30. முதல் மாதத்தில் எண்ணினால் எல்லாப் பயிற்சியும் வெற்றியாகத்தான் தெரியும்.